கூடத்துப் பலகை தேய்ந்த வரலாறு

தெற்குக் கோடியில் புந்தா அரீனாஸ் ஊர்க் காற்றுக்கும் அசையாமல் வாழ்ந்துவரும் என் அக்கா ஒதிலியாவுக்கு, வால்பரைசோவிலிருந்து தம்பி ரோசமேல் வணக்கத்துடன் எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே யாவரும் நலம். அத்தான் நலமா, அவருடைய இருமல் நலமா என்று அறிய ஆவல்.

அப்பா போன பிறகு அம்மா கப்பல்காரர்களுக்குச் சோறு போட்டு அறை வாடகைக்கு விட்ட நம் வீடு ஓட்டலாகிவிட்டது என்று முன்பே எழுதினேன் அல்லவா, இப்போது அது பாரம்பரியக் கட்டடமாம், ஓர் ஆணி அடிக்கவும் அரசாங்க அனுமதி வேண்டுமாம். ஓட்டல்காரி பெர்னார்டா விருந்தாளிகளுக்கு வீட்டின் வரலாறு சொல்கிறாள் என்று கேள்விப்பட்டு, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நானும் போய்க் கும்பலில் நின்றேன். அம்மா படுத்த அறையில் குளியல் தொட்டி கிடக்கிறது அக்கா, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாடிக் கூடத்துத் தரைப் பலகை நடுவில் குழிந்திருக்குமே, அதைக் காட்டி, வீட்டைக் கட்டிய ஜெர்மன் வியாபாரியின் மகள்கள் வால்ட்ஸ் நடனம் ஆடி ஆடித் தேய்ந்தது என்றாளே, அப்போதுதான் வாய் சும்மா இருக்கவில்லை.

"மன்னிக்கணும்மா, அது வால்ட்ஸ் இல்ல. வீடு முழுக்க ஆளு, கக்கூஸ் ஒண்ணு. காலையில வரிசையில நின்னவங்க கால் மாத்தி மாத்தித் தேச்சது."

நீங்கள் யார் என்றாள். இங்கே பிறந்தவன் என்றேன். அத்தாட்சி கேட்டாள். சமையலறையிலிருந்து தட்டு நீட்டும் சின்ன ஜன்னலைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் எங்கே என்று எனக்குத்தானே தெரியும், இடுக்கில் கையை விட்டேன். தாழ்ப்பாள் கிடைத்தது, கை திரும்பி வரவில்லை. தீயணைப்புத் தொண்டர்கள் ரம்பத்தோடு வந்தார்கள். பெர்னார்டா சுவரை மறித்துக்கொண்டு நின்றாள். பாரம்பரியக் கட்டட அதிகாரிக்குப் போன் போட்டார்கள். பேசிவிட்டுத் திரும்பிய தொண்டர் என்னைப் பார்க்கவே கூசினார்.

"பட்டியல்ல சுவர்தான் இருக்காம் பெரியவரே. நீங்க இல்லையாம்."

வெண்ணெய் தடவினார்கள், நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது, நானும் கதையை ஆரம்பித்துவிட்டேன். மீனைத் தொடாத திமிங்கலக் கப்பல் சமையல்காரன், பூசணி போட்ட பீன்ஸை இரண்டாம் தடவை கேட்கும் சுங்க குமாஸ்தா அபார்க்கா, எல்லோரையும் சொன்னேன். அந்த ஜன்னல் வழியாக அம்மா தட்டை நீட்டுவாள், ஆனால் பிடியை விடமாட்டாள், நினைவிருக்கிறதா? "உங்கம்மாவுக்கு எழுதினியா?" என்பாள். எழுதினேன் என்று சொன்னால்தான் தட்டு கைக்கு வரும். அதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. துடைக்கப் பார்த்தேன், கை தானாக வெளியே வந்துவிட்டது. பெர்னார்டாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்காக விட்டுவிட முடியுமா? பொய் வரலாற்றை நீக்கக் கோரி மனு எழுதப் போகிறேன். நீயும் கையெழுத்துப் போட வேண்டும். அது வரைக்கும் அந்த வாசலை மிதிக்கமாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உனக்கு என் முத்தம்.

பணிவுள்ள தம்பி,
ரோசமேல்

பின்குறிப்பு: மனு வேண்டாம். சாட்சிக்காக நம் பழைய சமையல்காரி ஒர்த்தென்சியாவை முதியோர் இல்லத்தில் போய்ப் பார்த்தேன். பல் இல்லாத வாயால் அப்படிச் சிரித்தாள்.

"வரிசை சுவரோரமால்லடா நின்னுச்சு. நடுக்கூடம் எப்படித் தேயும்? ஞாயித்துக்கிழமை உங்களை மாட்னிக்கு அனுப்பிட்டு உங்கம்மாவும் அபார்க்காவும் ஆடுவாங்க. கிராமபோனுக்குச் சாவி குடுக்கிறது நான்தான்."

அம்மாவா? பீன்ஸ் கரண்டியும் கையுமாக நின்ற நம் அம்மாவா ஆடினாள்? நாளைக்கே போய், வால்ட்ஸ் இருக்கட்டும் என்று பெர்னார்டாவிடம் சொல்லப்போகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். படத்துக்கு நேரமாகிவிட்டது என்று என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடியவள் நீ. படம் விட்ட பிறகும், துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம் என்றவளும் நீ.

உனக்குத் தெரியும்தானே அக்கா?