தாடைக்குக் காவல்

ஆகஸ்ட் 12, திங்கள். இன்று பல் பிடுங்கி முடியும்வரை காதில் பாட்டு மாட்டியிருந்தேன். டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சின்னத் தவறுதான். தாள் கொடுத்திருக்கிறார்கள், அதன்படி நடந்தால் போதும்.

மாலை நேர எழுத்து வகுப்பில் தினமும் எழுதச் சொன்ன நாட்குறிப்பில் இப்படி எழுதிவிட்டு, லாக்லன் அந்தத் தாளை நான்காம் முறை படித்தான். பல் போன குழியில் தாடை எலும்பு கரையாமலிருக்க எலும்புத்தூள் வைப்பார்கள். அது நிலைத்தால்தான் பிறகு புதுப் பல் ஊன்ற முடியும். உறிஞ்சக்கூடாது, ஊதக்கூடாது, மெத்தென்ற உணவு மட்டும்.

பேசலாமா? தாளில் இல்லை. எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டான்.

செவ்வாயன்று காதலி பிரையனியின் அம்மா கிளெண்டா லாமிங்டன் கேக்கோடு வந்தார்.

"மெத்துனு இருக்கும் கண்ணு. தேங்கா தாராளமா புரட்டியிருக்கேன்."

அன்று மாலை நாக்கில் வெள்ளையாக ஒரு துகள் தட்டுப்பட்டது. எலும்பு! லாக்லனுக்கு உயிரே போய்விட்டது. அதை ஜாம் பாட்டிலில் பத்திரப்படுத்தினான். கழுத்தை அசைப்பதையும் நிறுத்தினான். உடம்பில் தெம்பு வேண்டுமே என்று இன்னும் இரண்டு கேக் தின்றான்.

புதனன்று பதினோரு துகள்.

வியாழனன்று பிரையனி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "லாக்கி, அந்த ரெண்டு ரூம் வீடு கெடச்சிருச்சு. சேர்ந்து குடிபோலாமா?"

மூன்று வருடமாக அவன் காத்திருந்த கேள்வி. கண்ணை மட்டும் அகல விரித்தான்.

"என்னடா முழிக்கிற? ஆமான்னு தலையாட்டக்கூட வலிக்குதா?"

அவசரமாக ஒரு சீட்டில் எழுதி நீட்டினான்: 'இப்போது முடியாது. எலும்புதான் முக்கியம்.'

"அப்ப அது கூடவே குடும்பம் நடத்து!"

அவள் கதவை அறைந்த வேகத்தில் பாட்டிலே குலுங்கியது.

வெள்ளியன்று பாட்டிலை நெஞ்சோடு அணைத்து, கழுத்தசையாமல் பல் மருத்துவமனைக்கு நடந்தான். நர்ஸ் டெப் அவன் வாயைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், ஒரு துகளை நசுக்கி மோந்தார்.

"இது லாமிங்டன் தேங்கா தம்பி. குழியில சீழ் இருக்கு, ரெண்டு மாசம் ஆறட்டும், அப்ப படிச்சுக்கன்னுதான் அந்தத் தாளைக் குடுத்தோம். நீயும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினியே! உன் வாயில இன்னும் எலும்பே வைக்கலையேப்பா!"

ஆகஸ்ட் 16, வெள்ளி. நாளைய வேலை: பிரையனியின் வீட்டுக்குப் போய், வாயைத் திறந்து, சரி என்று சொல்வது. தலையையும் ஆட்டுவது.