டெலிவிஷன் நிலையம், முதலமடை

நான் முதன்முதலாகப் பழுது பார்த்த டெலிவிஷன் பெட்டியில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. நான் பார்த்து முடித்த பிறகுதான் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. (அதற்குள் எங்கள் சொந்தபந்தம் அத்தனை பேரும் எனக்காக ஊரெங்கும் ஒப்புக்கொண்டு முடித்திருந்தார்கள்.)

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு வயது இருபத்திரண்டு. கொல்லங்கோட்டில் அப்பாவின் வயலில் இறங்காமல் தப்பிக்க என்ன காரணம் சொல்லலாம் என்பதைத் தவிர வேறு எதையும் நான் யோசித்ததில்லை. அப்போதுதான் ஒரு பத்திரிகையின் பின்னட்டையில் விளம்பரம் பார்த்தேன். வீட்டிலிருந்தபடியே தபாலில் டெலிவிஷன் மெக்கானிசம். இருபத்து நான்கு பாடங்கள். முடிவில் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ். அந்த ஓரத்தில் விழுந்தேன்.

முதல் பாடத்தின் தலைப்பு ‘ஒளிபரப்பு என்றால் என்ன?’ என்றிருந்தது. உள்ளே ஒரு வயரிங் படம்கூட இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கானது என்று முடிவு செய்து, படிக்காமல் பரண்மேல் போட்டேன். (இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.) இரண்டாம் பாடத்தில் தொடங்கி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் நல்ல மார்க். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினேன். ஒரே ஒரு சிறு குறை: அதுவரை நான் டெலிவிஷனைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊரில் யாருமே கண்டதில்லை என்பதால் அந்தக் குறையை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்பா மட்டும் அசரவில்லை. “மாசி முடியறதுக்குள்ள ஒரு தொழிலக் காட்டு. இல்லீன்னா பங்குனில மம்பட்டி எடுத்துட்டு எம் பொறகால வா” என்று கெடு வைத்தார்.

அந்த மாசியில்தான் முதலமடையிலிருந்து மச்சானின் கடிதம் வந்தது. என் அக்கா சரசுவைக் கட்டியவர். மாந்தோப்பும் மாங்காய் வியாபாரமும் உள்ளவர். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவருடைய தம்பி, லீவில் வரும்போது ஒரு டி.வி. பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். கப்பலில் மெட்ராஸ் வரை வந்து, அங்கிருந்து லாரியில் ஏறி, முதலமடையில் இறங்கியது அது. போட்டுப் பார்த்தால் வெறும் வெள்ளைப் புள்ளிகள். “லாரில குலுங்கிப்போச்சாட்ட இருக்குது” என்று சொல்லிவிட்டு அவர் சிங்கப்பூருக்கே திரும்பிவிட்டார். ஆக, நோய் இன்னதென்று முடிவாகிவிட்டது. டாக்டர் மட்டும்தான் பாக்கி.

நான் பையில் ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், ஈயம் பற்றவைக்கும் கோல், இருபத்து மூன்று பாடங்கள் ஆகியவற்றோடு போய் இறங்கினேன். மச்சான் என்னை நேராகக் குடோனுக்குக் கூட்டிப்போனார். ரோட்டைப் பார்த்த ஒரு சிறிய அறை, மரக்கதவு, முன்னால் நிழலுக்கு ஒரு வேப்பமரம்.

“பம்பாய் மண்டி மானேஜரு வெள்ளிக்கெழம வாறாரு மாப்ளே. பூவப் பாத்துட்டு மொத்தத் தோப்பையும் பேசி முடிக்கறதுக்கு. அவுரு வாறப்ப நம்மூட்டுல டி.வி. ஓடோணும். ஓட வெச்சிட்டீன்னா இந்த ரூமு உனக்குத்தான். கடை போட்டுக்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மண்வெட்டியிலிருந்து விடுதலை! அன்று சாயங்காலமே தகரம் வாங்கி, பெயிண்ட் வாங்கி, போர்டு எழுதி வேப்பமரத்தில் மாட்டிவிட்டேன். சைக்கிள் நிலையம், தையல் நிலையம், முடி திருத்தும் நிலையம் என்றெல்லாம் ஊரில் இருந்ததால் என் கடைக்குப் பெயர் வைப்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. சிவப்பு எழுத்தில் கொட்டையாக எழுதினேன்: ‘டெலிவிஷன் நிலையம், முதலமடை.’

பெட்டியைத் தொட்டது மறுநாள்தான். (வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதில் அப்போதே எனக்கு ஒரு தெளிவு இருந்தது.)

ஸ்விட்சைப் போட்டேன். ஒரு நிமிடம் கழித்துத் திரை வெளுத்தது. ஆயிரம் எறும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடுவதுபோல் புள்ளிகள். ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரே இரைச்சல். வாழ்க்கையில் நான் பார்த்த முதல் டி.வி. அதுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “டியூப் நல்லாருக்குது. படந்தான் சிக்கிக்கிட்டிருக்குது” என்று அறிவித்தேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.

“ஏன்டா சாமி, ரேடியோவுக்குத் திருச்சி, கோழிக்கோடுன்னு ஸ்டேஷன் இருக்குது. இதுக்கு ஸ்டேஷன் எங்கடா?”

“மெட்ராஸ்லக்கா.”

“மெட்ராஸ்ல போட்டா முதலமடைக்கு வந்து சேருமா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது. பிறகு அவளுக்குப் புரியும்படி விளக்கினேன். வேறு ஊராக இருந்தால் மலை மறைக்கும். நம் பாலக்காட்டிலோ கடவுளே மலையில் இடைவெளி விட்டிருக்கிறார். கிழக்குக் காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. லாரி அதன் வழியாக வருகிறது. சந்தைக்கு மாடு அதன் வழியாக வருகிறது. மெட்ராஸ் படம் மட்டும் வராதா?

“காத்து வந்தா ஊட்டுக்குள்ள புழுதியல்லோ வருது” என்றாள் அக்கா. மச்சானுக்கோ என் விளக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. இடைவெளியை நோக்கி ஆன்டெனா வைக்க அப்போதே உத்தரவு கிடைத்தது.

அலுமினியக் குழாய்களை மூங்கிலில் கட்டி, தோப்பில் வேலை செய்த ஆறுச்சாமி அண்ணனிடம் கொடுத்து, இருப்பதிலேயே உயரமான தென்னை மரத்தில் ஏற்றினோம். தினமும் சாயங்காலம் மெட்ராஸில் ஒளிபரப்பு ஆரம்பிக்கும் நேரத்துக்கு அவர் மேலே போய்விடுவார். நான் கீழே பெட்டி முன்னால் உட்கார்ந்து கத்துவேன்.

“இன்னுங் கொஞ்சம் கெழக்கால திருப்புங்கண்ணா! மெட்ராஸப் பாத்து!”

“பொள்ளாச்சி வரைக்கும் தெரியுதுங் தம்பி. அதுக்கு அக்கட்டால ஒண்ணும் தெரியலீங்” என்று மேலிருந்து பதில் வரும்.

இதற்குள் ஊர் கூடிவிட்டது. திரைக்கு முன்னால் பாய் விரித்து இருபது பேர் உட்காருவார்கள். பக்கத்துத் தோட்டத்து ராக்கியாத்தா இரண்டாம் நாள் சாயங்காலம் திடீரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பழனிக்குக் காவடி போறாங்க பாரு! எத்தன சனம்!” என்றாள். எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். ஆமாம், கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சத்தமும் கூட்டத்துச் சத்தம்தான். “மூஞ்சிதான் தெரியல” என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார்.

“மூஞ்சி நாளைக்கு வந்துரும்” என்று நான் உறுதி கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைவரை மூஞ்சி வரவில்லை. மானேஜர் வந்துவிட்டார்.

மணி சார் என்பது அவர் பெயர். கல்பாத்தியில் பிறந்து பம்பாயில் இருபது வருடமாக இருப்பவர். வெள்ளை பேன்ட், கையில் குடை. ஜீப்பிலிருந்து இறங்கியவர் வேப்பமரத்துப் போர்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அடேயப்பா! இங்கே டெலிவிஷன் நிலையமே வந்தாச்சா? பம்பாய்லே ஒருத்தரும் சொல்லலையே!”

“நம்ம மச்சினன்தானுங்க, எல்லாம் அவனே பண்ணுனது” என்றார் மச்சான். மணி சார் என்னை மேலும் கீழும் பார்த்து, “இவரா? தனியாவா?” என்றார். மரியாதையாகத்தான் கேட்கிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். காபி வந்தது. நான் டி.வி.யைப் போட்டேன். புள்ளிகள் ஓடின. ராக்கியாத்தா கும்பிட்டாள். மணி சார் ஒரு வாய் காபி, ஒரு பார்வை திரை, ஒரு வாய் காபி என்று பத்து நிமிடம் நாகரிகமாகப் பொறுத்திருந்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மச்சானிடம் கேட்டார்.

“ஏன் சார், இங்கே ஸ்டேஷன் எங்கே இருக்கு?”

முதலமடையில் ஸ்டேஷன் என்றால் ரயில் ஸ்டேஷன் ஒன்றுதான். மச்சானின் முகம் வெளிறிவிட்டது.

“ஸ்டேஷனுங்களா? பக்கந்தானுங்க. அதுக்குள்ள பொறப்படறீங்களா? பேச்சே இன்னும் முடியலீங்களே! இருங்க, படம் இப்ப வந்துரும்.” என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். “மாப்ளே, என்னத்தையாச்சும் பண்ணித் தொலை!”

என் கடை, என் போர்டு, என் பங்குனி மாதம் எல்லாம் குடையை எடுத்துக்கொண்டு ரயிலேறப் போவதாகத்தான் எனக்கும் பட்டது. பெட்டியின் முதுகு மூடியை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தேன். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன்.

“பிளக் எங் கைல இருக்குது. இனி கரண்டுக்கு இங்க வேலையில்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே கையை விட்டேன்.

பிக்சர் டியூபின் முதுகில் ஒரு ரப்பர் மூடி ஒட்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் வெகு நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். முதலில் அதை எர்த் செய்து வடித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகவேண்டும். இது பத்தொன்பதாம் பாடம். இந்தக் கேள்விக்கு நான் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். என் விரல் அந்த மூடிக்கு அடியில் போயிற்று.

‘பட்’ என்று ஒரு சத்தம். அடுத்து எனக்குத் தெரிந்தது, மூலையில் அடுக்கியிருந்த காலி மாங்காய்க் கூடைகளுக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். தலையில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. கையில் பிளக் இல்லை. அதற்குப் பதிலாக, டியூபின் கழுத்துச் சுருளிலிருந்து நான் அறுத்துக்கொண்டு வந்த ஒரு சாண் செம்புக் கம்பி இருந்தது.

“சாமீ!” என்று அக்கா ஓடி வந்து கூடையை எடுத்து, என் முகத்தைத் தடவி, உயிர் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள். அந்தப் பதற்றத்தில் மச்சான் பிளக்கை எடுத்துச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். திரை மெல்ல வெளிச்சமாயிற்று. புள்ளிகள் இல்லை. காவடி இல்லை. நட்ட நடுவே குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

“சனமெல்லாம் எங்க போச்சு?” என்றாள் ராக்கியாத்தா.

மணி சார் எழுந்து வந்து கோட்டைக் குனிந்து பார்த்தார். என் கையிலிருந்த கம்பியையும் பார்த்தார்.

“நான் ரயில் ஸ்டேஷனைக் கேக்கலே. டி.வி. ஸ்டேஷனைக் கேட்டேன். மெட்ராஸ் ஸ்டேஷன் மெட்ராஸைச் சுத்தித்தான் எட்டும், கேட்டேளா. ஸ்டேஷன் இல்லாத ஊர்லே எந்தப் பெட்டியைப் போட்டாலும் புள்ளிதான் தெரியும். வாசல்லே போர்டைப் பார்த்து, இங்கே நிஜமாவே நிலையம் வெச்சிருக்கேள்னு நெனச்சேனாக்கும்.” என்னைப் பார்த்தார். “பெட்டி இத்தனை நேரம் நன்னாத்தான் இருந்தது குழந்தே. இப்பத்தான் ரிப்பேர் ஆயிருக்கு.”

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் அதற்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன். அப்போது வெளியே தென்னை மரத்தின் உச்சியிலிருந்து ஆறுச்சாமி அண்ணனின் குரல் கேட்டது.

“தம்பீ! இன்னுங் கொஞ்சம் திருப்பட்டுங்களா?”

முதலில் சிரித்தது மணி சார்தான். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மச்சான், அப்புறம் பாயிலிருந்த இருபது பேர். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, “நா மொத நாளே கேட்டேன்” என்றாள். கரண்ட் அடித்ததைவிட அதுதான் வலித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் இருந்த இருபத்து மூன்று பாடங்களிலும் ஒரு வரி இல்லை.

தோப்புப் பேச்சு அன்றே நல்லபடியாக முடிந்தது. (சிரிச்சதுலே பேரம் பேசவே மறந்துபோச்சு என்று மணி சார் பின்னால் சொன்னாராம்.) அறை எனக்குக் கிடைக்கவில்லை. “கூடை வெக்கறதுக்கு எடம் பத்தல மாப்ளே. பாத்தீல்ல, கூடத்துல கெடந்தா யாராச்சும் வந்து உழுந்தர்றாங்க” என்றார் மச்சான். போர்டு ஆட்டுப்பட்டிக்குக் கதவாயிற்று. பங்குனி ஒன்றாம் தேதி நான் மண்வெட்டியோடு அப்பாவின் பின்னால் போனேன். அதற்கு முன்னால் பரணில் ஏறி முதல் பாடத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். அக்கா கேட்டதுதான் அதன் முதல் கேள்வி.

வருடங்கள் போய், எங்கள் பக்கத்துக்கும் நிஜமான ஒளிபரப்பு வந்தது. அக்கா ஆளனுப்பி என்னை வரவழைத்து அந்தப் பழைய பெட்டியை முன்னால் வைத்தாள். இந்தத் தடவை முதலில் டியூபை எர்த் செய்தேன், இரண்டு முறை. அறுந்த கம்பியைப் பற்றவைத்துப் போட்டதும் செய்தி வாசிக்கும் ஒரு பெண்ணின் முகம் பளிச்சென்று வந்தது. “நாளைக்கு வரும்னீயே, அந்த மூஞ்சியா இது?” என்றாள் அக்கா.

ஆனால் எனக்கு விழுந்த பட்டப்பெயர் மாறவில்லை. அக்கா பிள்ளைகளுக்கு நான் ‘ஸ்டேஷன் மாமா’தான். போன வருடம் அக்கா பேத்தியின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாத்தா பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். அக்கா பிள்ளைகள் என்னை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுச் சந்தோஷமாகத் திரும்பினார்.

“நம்ம டிப்பார்ட்மென்டுங்களா! எந்த ஸ்டேஷன்ல இருந்தீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்ப்பந்தியிலிருந்து மச்சான் முந்திக்கொண்டார். “அவுரு ஸ்டேஷனே இல்லாத ஊருக்கு மாஸ்டரா இருந்தவருங்க.”

ஸ்டேஷன் கட்டடம் இல்லாமல் வண்டி மட்டும் நின்று போகும் இடத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, பெரியவர் புரிந்ததுபோல் தலையாட்டினார். “ஓ, ஹால்ட்டுங்களா?”

“ஆமாங்க, ஹால்ட்டுதானுங்க” என்றேன். “ஒரு வாரம் கொடியப் புடிச்சிட்டு நின்னேன். வண்டிதான் வரலீங்க.”

பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கையிலிருந்து ஒரு கரண்டி ரசம் மச்சானின் வேட்டியில் போயிற்று. இத்தனை வருடம் கழித்து, அன்று கூடத்தில் சிரிக்காமல் வைத்திருந்த சிரிப்பை எல்லாம் அவள் அப்போதுதான் சிரித்து முடித்தாள்.