வேலை செய்த ஒரே பெல்

பெல் அடித்தபோது ஆந்தை கண்ணை மூடி கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"பல் டாக்டர் முதல் மாடி!" கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாகக் கத்தினான்.

"சார், நான் ஒரு கவர் குடுக்க..." என்றது கீழிருந்து ஒரு குரல்.

"அவர்கிட்டயே குடுங்க! முதல் மாடி!"

தெருவாசலில் ஆறு பெல் பொத்தான்கள் இருந்தன. ஐந்து செத்து வருஷக்கணக்காகிறது. உயிரோடு இருந்த ஒன்று, இரண்டாம் மாடியில் அவன் வீட்டுடையது. பல்வலியோடு வருகிறவன் நிதானமாகவா அழுத்துவான்? ஆறையும் அழுத்துவான். அலறுவது ஒன்று.

பின்தெருக் கிடங்கில் ராத்திரிக் காவல் என்பதால் தெரு வைத்த பெயர் ஆந்தை. ஆந்தைக்காவது பகலில் மரப்பொந்து உண்டு. டூட்டியில் தூங்கி இரண்டு முறை மாட்டிக்கொண்டான். மூன்றாவது முறை மாட்டினால் வேலை போய்விடும். பகல் டூட்டி கேட்டு மனு எழுதிப் போட்டு இரண்டு வருஷமாகிறது. "இடம் காலியானா சொல்லி அனுப்புறோம்" என்றது ஆபீஸ். அதுவரை பகலில் தூங்கியே ஆக வேண்டும். படுக்கும்போது போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவான். பெல்லை எந்தப் பீரோவில் வைப்பது?

மனைவிக்குத் தரைத்தளத்து ஜெராக்ஸ் கடையில் வேலை. மத்தியானம் சாப்பிட மேலே வந்தாள்.

"ஏங்க, பெல்லைப் புடுங்கி எறியுங்களேன்."

"எறிஞ்சா கதவைத் தட்டுவாங்க. நீ பெரிய எழுத்துல ஒரு போர்டு அடிச்சுக் குடு."

'இது பல் டாக்டர் வீடு அல்ல' என்ற போர்டு வாசலில் ஏறியது. மறுநாள் பதினொரு பேர் பெல் அடித்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கேட்டான்: "அப்ப அவரு வீடு எது சார்?"

அடுத்த போர்டில் கட்டடத்தின் மொத்த ஜாதகமும் இருந்தது. பல் டாக்டர் முதல் மாடி, தையல்காரர் பின்கட்டு, விசாரணைக்குத் தையல்காரரை அணுகவும். அம்புக்குறிகள் வேறு.

அதைப் படித்துவிட்டு முகவரியில் இவ்வளவு அக்கறையுள்ள மனிதரிடம் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று ஊருக்குத் தோன்றிவிட்டது.

"டாக்டர் எத்தனை மணிக்கு வருவாரு?"

"புடுங்கினா ரொம்ப வலிக்குமா சார்?"

"எனக்குப் புடுங்கினதில்ல! என் உயிரை நீங்க எடுக்காதீங்க!"

மறுநாள் நாலு மணிக்குத் தையல்காரரே படியேறி வந்தார்.

"தம்பி, உங்க போர்டு புண்ணியத்துல நல்ல கூட்டம். நேத்து ஒருத்தன் கையில கவரோட யாரையோ விசாரிச்சுக்கிட்டு வந்தான். விடுவேனா? நான் பேசின பேச்சுல வந்த வேலையே அவனுக்கு மறந்துபோச்சு. சட்டைக்கு அளவெடுத்துட்டுத்தான் அனுப்பினேன்."

"நல்லதுண்ணே. இதை நான் தூங்குற நேரத்துல வந்துதான் சொல்லணுமா?"

"நீங்க எந்நேரமும் தூங்குறீங்களே, தம்பி."

ஆந்தை அன்றே மூன்றாவது போர்டுக்கு வாசகம் சொன்னான்: 'இரண்டாம் மாடி வீடு காலி. யாரும் இல்லை. பெல் அடித்துப் பயனில்லை.'

"குடியிருந்துக்கிட்டே காலின்னு போடுறதா?" என்றாள் மனைவி. "விளங்கினாப்புலதான்."

"செத்துட்டேன்னா போடச் சொன்னேன்? அடிச்சுக் குடு."

பெல் ஊமையானது. ஆந்தை மூன்று நாள் கட்டையாகத் தூங்கினான். கிடங்கில் ராத்திரி முழுக்க விழித்திருந்து, ஒரு பூனையைக்கூட மடக்கிப் பிடித்தான்.

நாலாம் நாள் பெல் அடிக்கவில்லை. பூட்டு திறந்தது.

வீட்டு புரோக்கர் உள்ளே வந்தார். ஆந்தை எப்போது ஒழிவான் என்று காத்திருந்த வீட்டுக்காரர், போர்டு விஷயத்தைக் கேட்டதும் சந்தோஷத்தில் மாற்றுச் சாவியைத் தூக்கிக் கொடுத்திருந்தார். பின்னால் மொடமொடவென்று புதுச்சட்டை போட்ட ஒரு ஆள்.

"இது ஹால். காத்து பிச்சுக்கிட்டு வரும். இது படுக்கையறை. கட்டில் உண்டு..."

கட்டிலில் லுங்கியோடு ஒரு உருவம் எழுந்து உட்கார்ந்தது. புரோக்கர் அசரவில்லை.

"இவரு கணக்குல கிடையாது. காலி பண்ணிடுவாரு."

"யோவ், யாருய்யா நீங்க? வெளிய போங்கய்யா!"

புதுச்சட்டைக்காரன் பதறிக் கும்பிட்டான். "கோவிச்சுக்காதீங்க சார். அவசரமா வீடு வேணும். பின்தெருக் கிடங்குல பகல் டூட்டி கெடைச்சிருக்கு."

ஆந்தையின் தூக்கம் ஒரேயடியாகப் பறந்தது.

"பகல் டூட்டியா? எப்படிக் கெடைச்சுது?"

"அதிர்ஷ்டம்தான் சார். நான் ஆபீஸ்ல தபால் கொண்டுபோற ஆளு. ராத்திரி டூட்டி பார்க்குற யாருக்கோ வந்த ஆர்டர் அது. கையெழுத்து வாங்க மூணு தடவை இந்தக் கட்டடத்துக்கு வந்தேன். மொதல்ல மேல இருந்து ஒருத்தர் கத்தி பல் டாக்டர்கிட்ட துரத்திட்டாரு. அடுத்த தடவை தையல்காரர் புடிச்சு இந்தச் சட்டைக்கு அளவெடுத்துட்டாரு. மூணாவது தடவை 'வீடு காலி'ன்னு போர்டு தொங்குச்சு. அதுக்குள்ள கெடு முடிஞ்சு, வரிசையில அடுத்த பேரு என்னோடதா வந்துச்சு. வேலைதான் கெடைச்சாச்சே, கையோட அந்தக் காலி வீட்டையும் கேட்டுப் பார்ப்போமேன்னு வந்தேன் சார்."