இடது கை தூக்கியவர்கள்

ஒரு காட்டில் ஆற்றுக்கு இந்தக் கரையில் பள்ளிக்கூடமும் அந்தக் கரையில் தேர்வு மையமும் இருந்தன. நடுவே ஒரு மரப்பாலம்.

மழைக்கு மழை இரண்டு குட்டிகளாவது ஆற்றோடு போய்க்கொண்டிருந்ததால், இளம் விலங்குகளுக்கு வாழ்க்கைத் திறன் கல்வி கட்டாயம் என்று அரசர் சிங்கம் உத்தரவு போட்டார். முதல் பாடம் நீச்சல். தலைமையாசிரியர் கரடி கரும்பலகையில் ஆறு வரைந்து பாகங்களைக் குறித்தார். 'நீச்சலின் பயன்கள் ஐந்து' என்பதைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். தண்ணீரில் இறக்கினால் சளி பிடிக்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருமனதாக முடிவாகியிருந்ததால், அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஆய்வுக்கு அதிகாரி கொக்கு வருவதாகத் தகவல் வந்தது.

"அவர் என்ன கேட்டாலும் எல்லாரும் கை தூக்கணும்" என்றார் கரடி. "தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. பதில் சொல்லணும்னா வலது கையா பாத்து நான் எழுப்பி விடறேன்."

கொக்கு பதிலெல்லாம் கேட்கவில்லை. "யாருக்கெல்லாம் நீந்தத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். நாற்பது பேரும் கை தூக்கினார்கள். கொக்கு நெகிழ்ந்துபோய் 'நூறு சதவீதம்' என்று எழுதினார். கீழே, 'எனவே பாலம் தேவையில்லை' என்றும் எழுதினார். அடுத்த வாரமே பாலத்தைப் பிரித்து அரசர் குகைக்குக் கதவு போட்டார்கள்.

ஆண்டுத் தேர்வு நாளன்று ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது.

"குதிம்மா, நேரமாச்சு" என்றார் கரடி, வரிசையில் முதலில் நின்ற முயல் மஞ்சரியிடம்.

"எனக்கு நீந்தத் தெரியாது சார்."

"அன்னிக்குக் கை தூக்கினியே?"

"இடது கை சார். நீங்கதான சொன்னீங்க?"

"அறிக்கையில கைன்னுதான் இருக்கு. எந்தக் கைன்னு இல்ல."

"அறிக்கையை ஆறு படிச்சிருக்கா சார்?"

"வாயப் பாரு! இன்னிக்கு எழுதலைன்னா ஒரு வருஷம் போச்சு, தெரியும்ல?"

"இறங்கினா மிச்ச வருஷமெல்லாம் போச்சு சார்."

"சார், நீங்க முன்னால இறங்குங்க" என்றது பின்னாலிருந்த குரங்கு. "நாங்க உங்க முதுகைப் பிடிச்சுக்கிட்டே வந்துடறோம்."

கரடி தொண்டையைச் செருமினார். "எங்களுக்கும் பயிற்சி முகாம் வெச்சாங்கப்பா..." குரல் இறங்கியது. "அங்க நானும் இடது கைதான்."

மஞ்சரி வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "இடது கை தூக்கினவங்கல்லாம் உக்காருங்க. யாரும் இறங்க வேணாம்."

முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்தார்கள். கரடியும் உட்காரப் போனார். பதவி நினைவுக்கு வரவே நின்றுகொண்டார்.

மிச்சமிருந்த வாத்து மட்டும் நீந்திப் போய்த் தேர்வு எழுதியது. முதல் கேள்வி, நீச்சலின் பயன்கள் ஐந்து. வாத்துக்கு ஒன்றுதான் தோன்றியது: 'அந்தக் கரைக்குப் போகலாம்.' ஃபெயில்.

மதியம் ஒரு முழு மருதமரம் வேரோடு ஆற்றில் போனது. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

முடிவுகள் வந்தன. முப்பத்தொன்பது பேருக்கும் ஆப்சென்ட். விசாரிக்கப் பறந்து வந்த கொக்கு, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு போதாது' என்று எழுதிவிட்டுப் பறந்து போனார்.

நீதி: உயிரோடு இருப்பதும் ஒரு திறன்தான், ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது, வருகைப்பதிவும் கிடையாது.