முட்டைகோஸோடு மலையிறங்கிய கார்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு கௌலத் அக்கா. யாரோ ஒரு புருஷனைப் பற்றி என்று நினைத்துப் பாதிவரை நன்றாகச் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் ஏமாந்த அந்தப் புருஷன் நான் என்று உறைத்தது. ஆகவே என் கண்ணெதிரே நடந்ததை நான் பார்த்தபடியும், முதுகுக்குப் பின்னால் நடந்ததை அக்கா சொன்னபடியும் எழுதுகிறேன்.

என் பெயர் முனீஸ்வரன். பி.காம். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை. புதிதாகக் கல்யாணமாகி வருகிற ஜோடிகளுக்குச் சிரித்த முகத்தோடு சாவி கொடுக்க வேண்டும். கொடுப்பேன். அவர்கள் கைகோத்துக்கொண்டு போவார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

என் மனைவி செல்வலட்சுமி கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் பள்ளிக்கூட டீச்சர். பாலக்காட்டுக்குக் கிழக்கே, அவள் பிறந்த ஊர்ப்பக்கம். கேரள அரசுத் தேர்வான பி.எஸ்.சி. எழுதி வாங்கிய வேலை. மாவட்டம் மாற்றிக் கேட்டால் சீனியாரிட்டி போய்விடும். ஆக, நகரக்கூடியவன் நான்தான். நான் நகரவில்லை. ஏன் என்று கேட்டால், "கார் இருக்கே" என்பேன்.

கார் இருந்தது உண்மைதான். அப்பா சங்கையா எஸ்டேட் மேனேஜருக்கு டிரைவராக இருந்தவர். மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது தன் ஸ்போர்ட்ஸ் காரை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். சிவப்பு. துணிக்கூரை. இரண்டே சீட்டு. எங்கள் வீட்டில் ஆறு பேர். யாரை ஏற்றினாலும் மீதி நாலு பேர் கோபித்துக்கொள்வார்கள். அதனால் அப்பா யாரையும் ஏற்றவில்லை. தினமும் துடைத்தார். துடைத்துத் துடைத்தே அது ஓடாமல் போனது. பிறகு அப்பா காலமானார். அக்காமார் மூவரும் கட்டிக்கொடுத்த இடங்களுக்குப் போனார்கள். அம்மா திருப்பூரில் பெரியக்காவோடு இருக்கிறாள். இப்போது வீட்டில் நான் ஒருவன். முதல்முறையாகக் காரில் ஒரு சீட்டு மிச்சம்.

ஷெட்டுக்குள் காரில் உட்கார்ந்தால்தான் போனில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். வேலை முடிந்ததும் டிரைவர் சீட்டில் உட்காருவேன். வெளியே மூடுபனி. போனை ஸ்பீக்கரில் போட்டு இடது சீட்டில் வைப்பேன். செல்வி பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஷெட்டுக் கதவு வழியாக யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுங்க. காரை என்ன பண்றதா முடிவு?"

"அதான் யோசிச்சிட்டு இருக்கேன்."

"கல்யாண மேடையிலயும் இதையேதான் சொன்னீங்க. ரெண்டு ஓணம் போயாச்சு."

"அவசரப்பட்டு வித்துட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாதுல்லா?"

"அப்ப விக்காதீங்க. ஓட்டிட்டு வாங்க."

"ஓடாதே புள்ள."

"அப்ப வித்துப்போட்டு வாங்க."

"அப்பா தொடச்ச வண்டி."

"சரிங்க. நீங்க அங்க வண்டியத் தொடைங்க. நான் இங்க போர்டைத் தொடைக்கிறேன். இப்படியே ரெண்டு பேரும் ரிட்டையர் ஆயிருவோம்."

உண்மைக் காரணம் வேறு. இங்கே என் சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது. அங்கே போனால் 'டீச்சரம்மா ஊட்டுக்காரரு'. வேலை கிடைக்காவிட்டால்? அவள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் நான் என்ன செய்வேன்? இதையெல்லாம் மனைவியிடம் சொல்லலாம். நான் காரைச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அபாரமான யோசனை உதித்தது. விற்பது ஒரு நாள் வேலை. விற்ற மறுநாளே, "எப்ப வர்றீங்க?" என்பாள். பழுது பார்ப்பதோ முடிவில்லாத வேலை. ஒன்று சரியானால் இன்னொன்று கெடும். எனவே விற்பதில்லை, சரிசெய்வது! முடிவெடுத்துவிட்டேன் என்ற பெயரும் கிடைக்கும், முடிவெடுக்கவும் வேண்டாம். படிப்பு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் எஸ்டேட் வரிசைவீடுகளில், பக்கத்து லயத்து கபிரியேல் அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். காந்தலூரில் காய்கறி ஏற்றிப் பொள்ளாச்சி சந்தைக்கு பிக்கப் ஓட்டுகிறவர்.

"என்னலே முனீசு, சரிபண்ணி எங்க ஓட்டப்போற?"

"அத அப்புறம் பாப்பம்ணே."

"முன்சீட்டு ரெண்டு. பின்சீட்டு இல்ல. பிள்ள பெத்தா எங்கலே வைப்ப, டிக்கியிலயா?"

"பொண்டாட்டி அங்க, நான் இங்க. பிள்ளைக்கு என்னண்ணே அவசரம்?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

செல்வியிடம் சொன்னபோது சண்டையை எதிர்பார்த்தேன்.

"நல்ல யோசனைங்க" என்றாள்.

எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

"எங்க பக்கத்து ஊட்டு அலியார் பாய் பழைய வண்டிச் சாமான் கடை வெச்சிருக்காருங்க. கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"பார். ஆனா அவசரமில்லைன்னு சொல்லு."

"சொல்லிப்போடறேன்."

அலியார் பாய் போனில் வந்தார். அன்பான குரல். "தம்பி, இந்த வேலையெல்லாம் பாலக்காட்டுப் பக்கந்தான் ஆகும், உங்க பக்கம் ஆகாது. ஆனா எல்லாத்தையும் ஒரேடியா அனுப்ப வேண்டாம். ஒண்ணொண்ணா அனுப்புங்க. மொதல்ல இடதுபக்கத்து சீட்டு."

"எஞ்சின் இல்லையா பாய்?"

"தையக்காரரு இப்ப சும்மா இருக்காரு தம்பி. அப்புறம் கெடைக்க மாட்டாரு."

பொள்ளாச்சி வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கு, கபிரியேல் அண்ணன் பிக்கப்பில், முட்டைகோஸுக்கு நடுவே, இடது சீட்டு மலையிறங்கியது. அன்று சாயங்காலம் போனை வைக்க இடமில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு பேசினேன். இத்தனை நாள் பக்கத்தில் சீட்டுதான் காலியாக இருந்தது. இப்போது சீட்டே இல்லை.

அடுத்து கார்புரேட்டர் போனது. அடுத்து கியர்பாக்ஸ். அப்புறம் கதவுகள். நான் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் தனித்தனித் துணிப்பையில் போட்டு, எந்த இடத்து நட்டு என்று எழுதிக் கட்டினேன். போன எதுவும் திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. தாமதம்தானே என் திட்டம். திட்டம் அற்புதமாக நடந்துகொண்டிருந்தது. ஷெட்டுத்தான் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது. இருமினால் எதிரொலித்தது. டிரைவர் சீட்டும் போன பிறகு கோஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து பேசினேன். ஸ்டியரிங் போன அன்றைக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஏனுங்க, குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்ல. குளிரு."

"இங்க சுடுதுங்க. பாதிப் பாதியாப் பிரிச்சுக்கலாம்."

கடைசியாக அலியார் பாய் கூப்பிட்டார். "தம்பி, சாமானெல்லாம் ரெடி. கூடு இல்லாம எதுல மாட்டறது?"

கூடும் போக வேண்டியதாயிற்று. லயத்து ஆண்கள் எல்லாரும் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். அன்றைக்கு மட்டும் கோஸ் கூட்டுக்குள்ளே போனது.

மறுநாள் மறுபடியும் பாய். "தம்பி, உங்க பையில எழுதியிருக்கற எழுத்து எனக்குப் புரியலை. எந்த நட்டு எங்கன்னு நீங்க வந்து நின்னு சொன்னாத்தான் ஆகும்."

"எத்தனை நாள் பாய்?"

"வாங்க, பாத்துக்கலாம்."

பத்து நாள் லீவு போட்டுப் போனேன். பாய் கடையின் பின்னால், மாமரத்தடியில் என் கார் முழுசாகக் கிடந்தது, தனித்தனியாக. பகலில் ஆளில்லாத நேரத்தில் பாய் கடைக் கணக்கைக் காட்டினார். ஜி.எஸ்.டி. தப்பாக இருந்தது. திருத்தினேன். மறுநாளும் காட்டினார். அதுவும் தப்பு. மூன்றாம் நாள் எனக்கென்று ஒரு மேசை வந்தது. லீவு முடிந்ததை நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ரிசார்ட்டில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகக் கபிரியேல் அண்ணன் தகவல் சொன்னபோது, நான் செல்வியோடு உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மழை நாளில்தான் மதில்மேல் சாய்ந்துகொண்டு கௌலத் அக்கா கதையை ஆரம்பித்தார். அலியார் பாயின் மனைவி.

"ஒருத்தன் காரை விட்டு வரமாட்டேன்னானாம் தம்பி. பொண்டாட்டி பாத்தா. இவன இழுக்க முடியாது, காரை இழுக்கலாம்னு பாய்கிட்ட வந்து நின்னா."

நான் சிரித்தேன்.

"மொத மொதல்ல சீட்டத்தான் வரவெச்சா. எஞ்சின அனுப்புன்னா எவனும் யோசிப்பான். சீட்டுன்னா குடுத்துருவான்."

சிரிப்பதை நிறுத்தினேன். "அப்ப அந்தத் தையக்காரரு?"

"தையக்காரரா? அந்த சீட்டு தையலுக்கே போகலை தம்பி. உங்க ஊட்டு ஹால்ல போட்டு, தெனமும் சாயங்காலம் அதுல உக்காந்துதான் உங்க கூடப் பேசுவா. பேசி முடிச்சு போனை வெச்சப்புறமும் எந்திரிக்க மாட்டா. நான் போயி வெளக்குப் போட்டுட்டு வருவேன். நீங்க வர்றதுக்கு மொத நாள்தான் அதத் தூக்கி மாமரத்தடிக்குக் கொண்டாந்து போட்டோம்."

நான் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கணக்கு தப்பாயிருந்ததே அக்கா, அது?"

"பாய் முப்பது வருசமா கடை நடத்தறாரு தம்பி. அவருக்குத் தப்பாக் கணக்குப் போடறதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

செல்வியிடம் கேட்டேன். வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"ஏன்டி, எங்கிட்ட நேரா வான்னு கூப்ட்டிருக்கலாம்ல?"

"ரெண்டு ஓணமாக் கூப்பிட்டேனுங்க. கார்தான் மொதல்ல வந்துச்சு."

ஆனாலும் கேட்டதை அப்படியே எழுதுவது சரியில்லை. அந்த வேலைகளைப் பாலக்காட்டில்தான் செய்ய முடியும் என்று பாய் சொன்னது உண்மையாக இருக்கலாமே என்று ஒரு ஆசை. போன மாதம் வீட்டைக் காலி செய்யச் சின்னக்கானலுக்குப் போனவன், அப்படியே மலையிறங்கிப் போடியில் பழைய வண்டிகளைப் பார்க்கிற ஒரு பட்டறையில் விசாரித்தேன். எஞ்சின், கியர்பாக்ஸ், சீட்டு, கதவு எல்லாம் அங்கேயே ஆகுமாம்.

"சின்னக்கானல்லயா? செவப்பு வண்டியா?" என்றார் பட்டறைக்காரர். "உங்களுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு டீச்சரம்மா போன்ல கேட்டாகளே. ஒரே மாசத்துல முடிச்சு வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்திர்றேன்னு சொன்னேன். 'அங்கயே சரியாயிட்டா அந்தாளும் அங்கயே இருந்துக்குவாருங்க, வேண்டாம்'னு வச்சுட்டாக. யாருண்ணே அந்தாளு, உங்களுக்குத் தெரியுமா?"

கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.