கூழுக்குப் போனவன் மேல் அம்மன் இறங்கிய கதை

உடம்பு முதலில் நம் காதோடுதான் சொல்லும். கேட்காவிட்டால் ஊரைக் கூட்டிச் சொல்லும். பிள்ளைகளே, எனக்கு அது பம்பை, உடுக்கையோடு சொன்னது.

அறுபதுகளின் கடைசி. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு முதலாளியின் பட்டுத் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தேன். பெற்றவர்கள் இல்லை. தறிக்குப் பக்கத்திலேயே பாய். சீக்கிரம் சொந்தத் தறி போட்டுவிட வேண்டும் என்று ஒரே வெறி. அமாவாசையன்று ஊரில் எந்தத் தறியும் ஓடாது. நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நெய்வேன். (பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு.)

கொஞ்ச காலத்தில் தூக்கம் போனது. சாப்பிட்டால் நெஞ்சு எரிந்தது. அதனால் சாப்பாட்டையே குறைத்துவிட்டேன். எவ்வளவு சுலபமான வைத்தியம் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. படுத்தாலும் கால்கள் தறியை மிதித்துக்கொண்டே இருந்தன. இதையெல்லாம் சொல்ல ஆள் கிடையாது. ஒருநாள் தறியிடமே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

ஆடி மாதம் தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சொம்பை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். பம்பை முழங்கியது. தறி ஓடுகிற அதே தாளம். என் கால்கள் தாமாகவே மிதிக்க ஆரம்பித்தன. கை நடுங்கி, சொம்பு உருண்டு, கண் இருட்டிவிட்டது.

"ஆத்தா வந்துட்டாடா, வழி வுடுங்க" என்றார் பூசாரி.

கண் திறந்தபோது கழுத்தில் மாலை. தலையில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர். "கூழு..." என்று முனகினேன். ஆத்தா கூழ் கேட்கிறாள் என்று ஒரு குண்டானைத் தூக்கிப்போய் சன்னிதியில் வைத்தார்கள். எனக்குக் கிடைத்தது வேப்பிலை.

பிறகு ஆரம்பித்தது குறி கேட்பது. ஒருவருக்குக் காணாமல் போன மாடு. ஒருவருக்கு மகனின் வேலை. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத தெரு, என் காலடியில் கிடந்தது. என்னென்னவோ கேட்டார்கள். என்னைப் பற்றித்தான் யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், வாயைத் திறந்ததுமே நாக்கில் வைத்துச் சாமியைச் சோதிக்க, பூசாரி கையில் எரிகிற கற்பூரம் காத்திருந்தது.

செவிலிமேட்டிலிருந்து வந்த ஒருவர் தன் மகளை முன்னால் நிறுத்தினார். "எம் பொண்ணுக்கு எப்போ தாயி கல்யாணம்?"

அந்தப் பெண் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"யப்பா, இது சாமி இல்லபா. பசி. கை எப்படி நடுங்கிக்கினு இருக்குது பாரு. ஏங்க, நீங்க எப்போ சாப்ட்டீங்க?"

அந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மன் ஓவென்று அழுதாள். (அழுதது நான்தான்.) பூசாரி கற்பூரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு போய்ப் பார்த்த டாக்டர் மருந்தைவிட ஓய்வைத்தான் அதிகம் சொன்னார். சும்மா கிடக்கக் கற்றுக்கொள்வது, நெய்யக் கற்றுக்கொண்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. பசி திரும்பி, கால்கள் அடங்கக் கார்த்திகை ஆகிவிட்டது. அந்தச் செவிலிமேட்டுக்காரர் மட்டும் அவ்வப்போது தூக்கில் சோறு கொண்டுவருவார். யார் சமைத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சொந்தத் தறியும் பிறகு வந்தது. அமாவாசையன்று உங்கள் அம்மா அதைப் போர்வை போட்டு மூடிவிடுவாள். நான் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்:

"இன்னா, ஆத்தா வர்றாளா? கற்பூரம் எடுத்துக்கினு வரட்டா?"

நீங்கள் ஏனென்று தெரியாமலே சிரிப்பீர்கள். நான் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வேன்.