ஏழாவது பாரம்

படிக்காம கையெழுத்துப் போடுறவன் முட்டாள். இது என் கொள்கை. பட்டர்வொர்த்துல ஒரு அரசாங்க ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் கவுண்டருக்குப் பின்னால உட்கார்ந்து வளர்த்த கொள்கை. "ஐயா, படிக்காம பாரத்துல கையெழுத்துப் போட்டுட்டேங்க"ன்னு எத்தனையோ பேர் வந்து அழுதிருக்காங்க. எல்லாருக்கும் ஒரே பதில்தான். "போட்டா போட்டதுதான். மேல்முறையீடு பண்ணணும்னா நாளைக்கு வாங்க. கவுண்டர் மூடியாச்சு."

இப்போ ரிட்டையர் ஆகி ஆயர் ஈத்தாம் ஊர்ல ஒரு ஃப்ளாட்ல இருக்கேன். போன செவ்வாய்க்கிழமை பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. தனியார் ஆஸ்பத்திரியில பிளேட்டு வெச்சுத் தைச்சாங்க. மயக்கம் தெளியறதுக்குள்ள என் மனைவி தனலெட்சுமி ஆரம்பிச்சுட்டா.

"பாத்ரூம்ல கைப்பிடிக் கம்பி போடலாங்க."

"அதெல்லாம் கிழவனுங்களுக்கு."

"உங்களுக்கு அறுபத்தெட்டு."

"கிழவன்னா எழுபதுக்கு மேல லா."

"இன்னொரு வாட்டி விழுந்தா என்னால தூக்க முடியாதுங்க. இந்த வாட்டியே பக்கத்து வீட்டு அஸ்லானைக் கூப்பிட்டுத்தான் தூக்கினேன். பயமா இருக்கு."

"போட்டுத்தான் பாரு. சுத்தியலை எடுத்து நானே பேர்த்து எறிவேன்."

சரிங்கன்னுட்டுப் போர்வையை இழுத்துவிட்டா. முப்பத்தொன்பது வருஷக் குடும்பத்துல அவ இவ்வளவு சுலபமா சரின்னா நான் உஷாராகியிருக்கணும். ஆகல. எனக்கு வேற சண்டை வந்துடுச்சு.

வியாழக்கிழமை காலை ஒம்பது மணிக்கு டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னுட்டார். ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி, பணம் கட்டறோம்னு லெட்டர் அனுப்பினாத்தான் ஆஸ்பத்திரி விடும். "நான் பார்த்துக்கறேன். கவுண்டர் எனக்குத் தாய்வீடு"ன்னு சொல்லிட்டு, கட்டுப்போட்ட கையோட கீழே இறங்கினேன். தனலெட்சுமி பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வந்தா.

கவுண்டர்ல நோர்மான்னு ஒரு மலாய்ப் பொண்ணு. தங்கமான பொண்ணு. அவ என்ன பண்ணுவா பாவம், கம்பெனிக்காரன் கேக்கறதைத்தானே கேக்கணும்.

முதல் பாரம். விழுறதுக்கு முன்னாலேயே இந்தக் கை உடைஞ்சிருந்துச்சா? ஒவ்வொரு எழுத்தாப் படிச்சு, இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது பாரம். விழுந்ததைக் கண்ணால பார்த்த சாட்சி உண்டா?

"பாத்ரூம்லயா!" கத்திட்டேன்.

"சாபார் லா, பாக்சிக்." பொறுமையா இருங்க மாமான்னு நோர்மா கையமர்த்தினா.

"சத்தம் கேட்டுச்சுன்னு நான் எழுதித் தரேங்க," இது தனலெட்சுமி.

மூணாவது பாரம், முதல் பாரத்துல சொன்னது நிஜம்தான்னு சொல்ற பாரம். நாலாவதை அனுப்பினதும் கம்பெனியில எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அஞ்சாவதைப் பாதிதான் படிச்சேன். ஆறாவது வந்தப்போ மணி நாலு. தலைப்பை மட்டும் பார்த்தேன். முப்பத்தாறு வருஷம் நான் ஊரைப் படுத்தினதுக்கெல்லாம் ஒரே நாள்ல பலன் கிடைச்சுது.

தனலெட்சுமி ஏழாவதை நீட்டினா.

"இதுலயும் ஒண்ணு போட்டுடுங்க."

"இது எதுக்கு?"

"வீட்டுக்குத்தாங்க."

"எங்க போடணும்?"

விரலை வெச்சுக் காட்டினா. போட்டேன். நோர்மா பக்கத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சா. நாம வீட்டுக்குப் போறதுல பொண்ணுக்கு எவ்வளவு சந்தோஷம்னு நினைச்சுக்கிட்டேன்.

அஞ்சரைக்கு ஒருவழியா லெட்டர் வந்துச்சு.

வீட்டுக் கதவைத் திறந்தா ஒரே சிமெண்டுத் தூசி. ஃபேக்டரிக்கு லீவு போட்டுட்டு என் மகன் கோகுலன் பாத்ரூம்ல டிரில் மெஷினோட நிக்கிறான். சுவத்துல ரெண்டு கம்பி பளபளன்னு மின்னுது. மகள் ரூபினி தரையில வழுக்காத ரப்பர் விரிப்பை அழுத்தி ஒட்டிக்கிட்டிருக்கா.

"யாரைக் கேட்டுடா போட்டே? சுத்தியல் எங்க?"

"அம்மா நாலு மணிக்கு மெசேஜ் போட்டாங்கப்பா, கையெழுத்து ஆயிடுச்சுன்னு. அதுக்கப்புறம்தான் சுவரையே தொட்டேன்."

தனலெட்சுமி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினா. ரூபினி கம்ப்யூட்டர்ல அடிச்சது. சுத்தமான ஆபீஸ் மலாய். கட்டம், நம்பர், தேதி, ஒண்ணும் குறையில்ல. நல்லமுத்து ஆகிய நான் என் வீட்டுப் பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி போட முழு மனசோடு சம்மதிக்கிறேனாம். எந்தக் காலத்திலும் பேர்த்து எறிய மாட்டேனாம். கீழே என் கையெழுத்து. சாட்சி நோர்மா.

"படிக்காம போட்டுட்டேன்! செல்லாது!"

ரூபினி என் கையெழுத்தை விரலால தட்டிக் காட்டினா.

"போட்டா போட்டதுதாங்க," தனலெட்சுமி சொன்னா. சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு. "அன்னிக்கு நீங்க கிடந்த கிடப்பைப் பார்த்து நான் செத்துப் பொழைச்சேன்."

அந்த ஆறு பாரத்துல ஒண்ணுலகூட வலிக்குதான்னு ஒரு கேள்வி இல்ல. இந்த மூணு பேரும் இல்லேன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்? கை வலிக்குதுன்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

முகம் கழுவப் போனேன். கதவைச் சாத்திட்டு, யாருக்கும் தெரியாம கம்பியைப் பிடிச்சுப் பார்த்தேன். கெட்டியாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் ரோஷம்னு ஒண்ணு இருக்கே. கம்பியைப் பிடிச்சபடியே உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

"தனம், இதுக்கு மேல்முறையீடு உண்டுல்ல?"

"உண்டுங்க. நாளைக்கு வாங்க. கவுண்டர் மூடியாச்சு."